தேவகி சொல்ல எரிந்த விளக்குகள்

1999 ஐப்பசியில் இடி விழுந்து, திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே வேடியப்பன் மனு அடித்துத் தரும் கடையிலிருந்த பிரிண்டரின் டிரைவர் போர்டு கருகியது. மறுநாள் முதல் பிரிண்டருக்குள் இருந்த இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது விளக்குகளும் அவர் மகள் தேவகியின் குரலுக்கு எரிந்தன. கடுகைவிடச் சிறிய விளக்குகள், ஒரே வரிசையாக இருக்கும்; அவை எரிகிறபடிதான் தாளில் எழுத்து விழும். எது எப்போது எரிய வேண்டும், எதற்கு எவ்வளவு கரண்ட் என்று அளந்து கொடுப்பதுதான் அந்தப் போர்டின் வேலை. இப்போது அதைத் தேவகி பார்த்தாள். பட்டா மனுவை அவள் வாய்விட்டுப் படித்தால் ஒரு புள்ளி பிசகாமல் தாளில் இறங்கும். ஆபீஸ்காரர்கள் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள்.

மணவூரிலிருந்து ரயிலில் வரும் கம்பெனி மெக்கானிக் எல்லப்பன் மாதம் இரண்டு முறை மூடியைத் திறந்து பார்ப்பான், "போர்டு இன்னும் வரலைங்க" என்பான், டீ குடித்துவிட்டுப் போவான். போர்டு 2000 வைகாசியிலேயே வந்து அவன் பையில் கிடந்தது. மாட்டிவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் வருவது? பாவம், அவனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் வராது, காது சிவந்துவிடும்.

2001 தை மாதம் தேவகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேடியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எல்லப்பனை எதிரில் வைத்துக்கொண்டே, "பொண்ணு கத்திக் கத்தி ஓயறா, இவரு டீ குடிச்சிகினு கீறாரு. வேற ஆள அனுப்பச் சொல்லி கம்பெனிக்கு எழுதும்மா" என்றார்.

தேவகி தலை குனிந்து, கரகரத்த குரலில் பிரிண்டருக்குச் சொன்னாள்: "மெக்கானிக் எல்லப்பன் ஒரு வருடமாகப் போர்டு கொண்டுவரவில்லை. வேறு ஆளை அனுப்பவும்."

அந்தக் குரலை எல்லப்பனால் தாங்க முடியவில்லை. இனி இந்தப் பக்கம் வர முடியாது என்று தெரிந்தே, போர்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அதற்குள் தாள் வெளியே வந்துவிட்டது. வேடியப்பன் எடுத்து உரக்கப் படித்தார்: "எங்க பாவா ஒரு வருஷமா போர்டு கொண்டாரல. வேற ஆள் வேணாங்க."

திருத்தணிப் பக்கத்தில் ஒரு பெண், தன்னைக் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவனைத்தான் பாவா என்பாள். எல்லப்பன் அவர்களுக்கு எந்த உறவும் இல்லை.

"தப்பா அடிச்சிடிச்சாம்மா?"

"இல்ல நைனா."

வேடியப்பன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போர்ட மாட்டுங்க மாப்ள. அவ தொண்ட ஆறட்டும்" என்றார்.

மாட்டினான். விளக்குகள் கம்பெனி சொன்னபடி எரிந்தன. இயந்திரத்திடம் தேவகி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சமிருந்த குரலில் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். மணவூர் வழியாகப் போகும் ரயில் மூன்று போய்விட்டது.