சீட்டில் வராத பெயர்

அந்தச் சலவையகத்தில் எந்த விரிப்பு எந்த ஓட்டலுடையது, எந்த அங்கி ஆஸ்பத்திரியின் எந்த மாடிக்குப் போக வேண்டும், எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதெல்லாம் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர்தான் நிர்வாகி. சலவையகம் அவர் மனைவிக்கு அப்பா வழியில் வந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக நடத்துகிறவர் இவர். எதையும் எழுதி வைக்க மாட்டார். "எழுதினா தொலைஞ்சிடும். இங்கே இருந்தா தொலையாது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அங்கே வேலை செய்தவர்கள் அவருக்குக் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. தெரியாத மாதிரி இருந்தாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு மனம் குளிர்ந்து போயிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் கடைவாய்ப்பல் வலித்தது.

பல் டாக்டர் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அடைத்து, இன்று முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இவர் வீட்டுக்குப் போகவில்லை. வீங்கிய கன்னத்தோடு நேரே வேலைக்கு வந்து கையால் ஜாடை காட்டத் தொடங்கினார். ஜாடை யாருக்கும் புரியவில்லை. கடைசியில் காகிதத்தில் எழுதினார். எழுதியே பழக்கம் விட்டுப்போன கை. அவர் 'ஆஸ்பத்திரி' என்று எழுதியதை வேன் ஓட்டுநர் 'ஓட்டல்' என்று படித்தார்.

மறுநாள் காலை, ஓட்டலில் தங்கியிருந்த ஒரு பெரிய மனிதர் குளித்துவிட்டு, முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கும் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு இறங்கி வந்தார். இந்த ஓட்டலில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாராம். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், பொசுபொசுவென்ற குளியல் அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதைப் போட்டுக்கொண்டு நான் எப்படி வயிற்றைக் கிழிப்பது என்று நர்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வந்த நாற்பத்தொரு போன்களையும் எடுத்தவள் நிர்வாகியின் மருமகள். அலுவலக அறையில் போனும் ரசீதும் அவள் பொறுப்பு. இரவுச் சாப்பாட்டின்போது அவள் நிதானமாகப் பேச்சை எடுத்தாள்.

"மாமா, நம்ம லாண்டரி ஒரு பல்லைத் தாங்கலை."

அவருக்கு வாய் இன்னும் சரியாகத் திறக்க வரவில்லை. ஆறிய சூப்பை ஸ்பூனால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பதிலுக்கு ஏதோ உறுமினார்.

"சொல்லும்மா" என்றார் அவர் மனைவி, முதலாளியம்மா. "இப்போதான் அவரால குறுக்கே பேச முடியாது."

"யாராவது வராமப் போனாத்தான் எது எங்கே சிக்கிக்கிட்டிருக்குன்னு தெரியுது, அத்தை. அது தானா வந்தா அவமானமா முடியுது. நாமளே வரவெச்சா? வாரத்துல ஒரு நாள் காலைல எல்லார் பேரையும் எழுதிக் குலுக்குவோம். யார் பேர் வருதோ அவங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பிடணும். சம்பளம் உண்டு. ஆனா போன் பண்ணி அவங்களை எதுவும் கேக்கக் கூடாது. அவங்க வேலையை மத்தவங்க எப்படியாவது சமாளிக்கணும். எங்கே சிக்குதோ, அதை அன்னைக்கே சரி பண்ணிடணும்."

வீக்கம் வடிந்ததும் நிர்வாகி முதலில் சொன்ன வாக்கியம் இதுதான்: "ஒரு பல்லு போனதுக்கு ஊர்ல இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கணுமா?"

"தடுப்பூசி போட்டா ரெண்டு நாள் ஜுரம் வரத்தான் செய்யும்" என்றார் முதலாளியம்மா. முடிவு ஆகிவிட்டது.

தகர டப்பா ஒன்றில் பெயர்களைப் போட்டார்கள். முதல் வாரம் உயரக்காரரின் பெயர் வந்தது. துணி உலர்த்தும் இயந்திரங்கள் மூன்றும் அவர் வசம். மூன்றாவதன் கதவு, அவர் இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். மற்றவர்களின் இடுப்பு அந்த உயரத்துக்கு எட்டவில்லை. துவைத்த துணியை மடித்து அடுக்கும் மடிப்புக்காரம்மா முக்காலி போட்டு ஏறி இடித்து, துணிக்கூடைக்குள் விழுந்தார். வேறு வழியில்லாமல் கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். கீலுக்குள் ஒரு சாப்பாட்டு ஸ்பூன் மாட்டியிருந்தது. எடுத்துவிட்டு மாட்டினால் விரல் பட்டதும் கதவு மூடிக்கொண்டது. மறுநாள் உயரக்காரர் வந்து, வழக்கம்போல ஓடி வந்து ஓர் இடி இடித்து, தடுமாறித் தரையில் உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டு ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

அடுத்து ஓட்டுநர். அன்றைக்கு உயரக்காரர் வேனை ஓட்ட, வழி பார்த்துச் சொல்ல மடிப்புக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஒன்றரை மணி நேரம் ஆகும் சுற்று ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. நடுவில் தங்கை வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவது ஓட்டுநரின் பழக்கம் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. ஓட்டலில் அவர்கள் தவறான வாசலில் வண்டியை நிறுத்தி, அடித்தளத்துக்குள் போய் வழி தெரியாமல் சுற்றினார்கள். அங்கே ஓட்டலுக்கென்று முன்பு இருந்த சலவை அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல மெஷினுங்க, சும்மா கிடக்கு" என்று மடிப்புக்காரம்மா வருத்தப்பட்டார்.

இப்படி வாரா வாரம் ஏதோ ஒன்று கவிழும். கவிழ்ந்த இடத்தில் ஏதோ ஒன்று புதிதாக முளைக்கும். ஆஸ்பத்திரி மூட்டைக்குச் சிவப்பு நாடா, ஓட்டல் மூட்டைக்கு நீல நாடா வந்தன. சாவி தொங்கும் ஒவ்வோர் ஆணிக்கும் மேலே பெயர் எழுதி ஒட்டினார்கள். சுவரில் பெரிய பலகை வந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நிர்வாகி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பன்னிரண்டு வாரத்தில் எல்லார் பெயரும் ஒரு தடவையாவது வந்துவிட்டது. மருமகள் பெயர் இரண்டு தடவை வந்தது. நிர்வாகியின் பெயர் மட்டும் வரவே இல்லை. "கம்ப்யூட்டருக்கு நல்ல ராசி" என்று பேசிக்கொண்டார்கள். நிர்வாகி அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற சலவையகத்தின் நிர்வாகி, வேலை நேரத்தில் மாட்டிக்கொள்ளும் தன் நீலக் கோட்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் துவைக்கப் போடுவார். அந்த நாள் வந்தது. சலவையகத்தில் பிறந்து வளர்ந்தவரான முதலாளியம்மா, பையைத் துழாவாமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போட மாட்டார். கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத் துண்டுகள் வந்தன. பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கணவரின் பெயர். பெயர்களை டப்பாவில் போட்டுக் குலுக்கும் வேலையை அவரே வலியப் போய் வாங்கிக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"என்னங்க இது?"

"சீட்டு."

"அது தெரியுது. பன்னெண்டு இருக்கு."

நிர்வாகி ஜன்னலைப் பார்த்தார். "நான் இல்லாத ஒரு நாள்ல எல்லாம் கவிழ்ந்து போச்சுன்னா யார் பொறுப்பு?"

"கவிழ்ந்துடும்னு பயமா, கவிழாதுன்னு பயமா?"

அடுத்த வாரம் டப்பாவை முதலாளியம்மாவே கையில் எடுத்துக் குலுக்கினார். உயரக்காரர் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். கம்ப்யூட்டரின் பெயர்.

"டப்பாவைக் காட்டு" என்றார் நிர்வாகி, சந்தேகத்தோடு.

"எதுக்கு? பன்னெண்டு வாரமா காத்துக்கிட்டிருந்த சீட்டுங்க. எல்லாத்தையும் உள்ளே போட்டேன். வேற யார் பேரும் இல்லை. வீட்டுக்குக் கிளம்புங்க."

வீட்டில் அவர் பத்து மணி வரை தாக்குப்பிடித்தார். அதற்குள் அலமாரியை ஒரு தடவை கலைத்து அடுக்கி, அடுக்கியது பிடிக்காமல் மறுபடி கலைத்திருந்தார். பத்தேகாலுக்கு மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சலவையகத்துக்குப் போன் போட்டார்.

"ஓட்டல்லேர்ந்து பேசறேன். எங்க துணி எந்த நிலைமைல இருக்கு?"

"மாமா, மூக்கை விடுங்க. மூச்சு முட்டப் போகுது" என்றாள் மருமகள். அவளுக்குப் பின்னால் யாரோ, "குழாய்ல ஒரு சொட்டு இல்லைம்மா" என்று கத்துவது கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு மதியம் ஒரு மணி வரை எத்தனை தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

நிர்வாகி செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். சலவையகத் தெருவில் சாலை தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டியவர்கள் பெரிய தண்ணீர்க் குழாயை உடைத்திருந்தார்கள். தெருவெல்லாம் வெள்ளம், எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. சலவையகத்தின் கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே விளக்கு இல்லை. வேனும் இல்லை.

பூட்டைப் பார்த்ததும் அவர் மனதில் முதலில் எழுந்தது, நான் அப்போதே சொன்னேன் இல்லையா என்ற ஒரு திருப்தி. அதை அவர் பின்னால் மனைவியிடமே ஒப்புக்கொண்டார். அடுத்த நொடியில் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வந்தது. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அங்கிகள் போய்ச் சேர வேண்டும். ஆபரேஷன்கள் இருக்கும். ஒரு டாக்சியை நிறுத்தி ஏறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியின் தலைமை நர்சோடு அவர் இருபத்திரண்டு வருடமாகப் போனில்தான் பேசியிருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. விசாரித்துக்கொண்டு போய் அந்த அம்மாள் முன்னால் நின்றார். டாக்சியிலேயே தயார் செய்து வைத்திருந்ததை மூச்சு வாங்க ஒப்பித்தார்.

"அம்மா, பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் ஒரு நாள் இல்லை, எல்லாம் நின்னுடுச்சு. இன்னைக்கு இருக்கிற ஆபரேஷன் எல்லாத்தையும் தள்ளி வெச்சுடுங்க. பழி என்னைச் சேரட்டும்."

தலைமை நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். வியர்த்த முகம், ஈரக் கால், இடம் மாறிய செருப்பு. "நீங்க யாரு?"

பதற்றத்தில் அவர் வாயிலிருந்து வந்தது சொந்தப் பெயர் இல்லை. "நான்தாம்மா கம்ப்யூட்டர்."

"அப்படியா" என்றார் தலைமை நர்ஸ் மிகவும் மென்மையாக. "நீங்க முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க." இன்னொரு நர்சைக் கண் ஜாடையால் கூப்பிட்டார். நிர்வாகி விளக்கம் சொல்லச் சொல்ல, அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டை உப்பிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சிவப்பு நாடா கட்டிய மூட்டைகள் மலைபோல அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று உள்ளே வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு மடிப்புக்காரம்மா வந்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லை. இது எப்படி வந்துச்சு? லாண்டரி பூட்டிக் கிடக்கே."

"தண்ணி நின்னுடுச்சுங்க. ஓட்டலுக்கு அடியில சும்மா கிடந்துச்சே ரெண்டு மெஷின், அங்கே கொண்டுபோய்ப் போட்டுட்டோம். அவங்களுக்குச் சொந்தக் கிணறு இருக்கு. முதல்ல அவங்க துண்டைத் துவைச்சுக் குடுக்கிறோம்னு நம்ம டிரைவர் பேசி முடிச்சாரு. கீழே சிக்னல் எடுக்கலை, அதான் நீங்க கூப்பிட்டும் யாரும் பேசலை."

"என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு யாருக்கும் தோணலையா?"

மடிப்புக்காரம்மா யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "நீங்கதான் லீவாச்சே, ஐயா."

அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதாக நர்ஸ் சொன்னார். நிர்வாகி, இது குறையும் என்று சொல்லிவிட்டு எழுந்து, காலியான தள்ளுவண்டியோடு வேனில் ஏறிக்கொண்டார்.

ஓட்டலின் அடித்தளம் நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. முதலாளியம்மா முழங்கை வரை நனைந்து நின்றார். உயரக்காரர் அங்கிருந்த இயந்திரத்தின் கதவை இடிக்கத் தேவையில்லை என்று தெரிந்தும் ஆசைக்கு லேசாக ஓர் இடி இடித்தார். மருமகள் கையில் காகிதத்தோடு ஓடிக்கொண்டிருந்தவள் மாமனாரைப் பார்த்து நின்றாள்.

"மாமா, விதிப்படி நீங்க இங்கே வரக் கூடாது."

"ஏம்மா, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "சும்மா நிக்க முடியலை. ஏதாவது வேலை குடு."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். "இருக்கட்டும். ஆனா இன்னைக்கு அவர் நிர்வாகி இல்லை" என்றார் முதலாளியம்மா. "மடிக்கட்டும்."

மடிப்புக்காரம்மா ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளை அவர் கையில் கொடுத்தார். அந்த இடத்தில்தான் யாருக்கும் தெரியாத ஒன்று வெளிப்பட்டது. சலவையகத்தின் ஒவ்வொரு விரிப்பும் எங்கே போகிறது என்று அறிந்த மனிதருக்கு, ஒரு விரிப்பைக்கூட மடிக்கத் தெரியாது. எதிரே நின்ற அந்தம்மாள் இழுக்க, இவர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றார்.

"மூலை சேரலை, ஐயா. திரும்ப விரிங்க."

விரித்தார். மறுபடி மடித்தார். "இன்னும் சேரலை." மறுபடி விரித்தார். மூன்று விரிப்பு அப்படிப் போயிற்று. நாலாவதை அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்து மேசையில் வைத்து, ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். மடிப்புக்காரம்மா அதைப் பார்த்தார். மூலை இன்னும் சேரவில்லை. ஆனால் அவர் அதைக் கலைக்கவில்லை. எடுத்து அடுக்கின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் செருகினார்.