மங்கல் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு விரலில் கண் இருக்கிறது. சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான்.

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை எங்களுடையது. ஆன்டி கிளேர் கண்ணாடி என்று ஒன்று வரும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் மருந்து வைத்து மங்கலாக்கியிருப்பார்கள். அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். மாற்றிப் போட்டால் விளக்கும் ஜன்னலும் படத்தின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். டியூப் லைட்டின் கீழ் சாய்த்துப் பிடித்தால் எனக்கே தெரிந்துவிடும். வழவழப்பான பக்கத்தில் விளக்கு பளிச்சென்று விழும், மங்கல் பக்கத்தில் பஞ்சு மாதிரி கலைந்து விழும். அவருக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். விரல் நுனியால் ஒரு தடவல், அவ்வளவுதான்.

அன்று அந்த விரலில் பிளாஸ்திரி. கண்ணாடி அறுக்கும்போது வெட்டிக்கொண்டிருந்தார். லைட்டில் காட்டிப் பாருங்கள் என்றேன். எனக்கே பாடமா என்று முறைத்தார். பெட்டியில் மங்கல் பக்கம் எப்போதும் மேலேதான் இருக்கும் என்று அப்படியே எடுத்துச் சட்டத்தில் பூட்டிவிட்டார். எப்படியோ போங்கள் என்று நானும் விட்டேன்.

படம், விபத்தில் இறந்துபோன ஒரு பையனுடையது. கொண்டுவந்தவர் அவனுடைய அக்கா, ஒரு டீச்சர். அவர்களுடைய அம்மா படுத்த படுக்கை. தலைமாட்டில் ஜன்னல், எதிர்ச் சுவரில் படம். கண் விழித்தால் மகன் முகம் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கண்ணாடி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

டீச்சர் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிளாஸ்திரியைப் பிரித்த அன்று இவர் பெட்டியில் மிச்சமிருந்த கண்ணாடியைத் தடவினார். முகம் செத்துப்போனது. இந்த முறை எல்லாமே தலைகீழாக அடுக்கி வந்திருந்தன.

நேராகப் போய்ச் சரி செய்திருக்க வேண்டியதுதானே? இல்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே, பரவாயில்லையாக்கும் என்றார். ஆனால் சோறு இறங்கவில்லை. எதற்கெடுத்தாலும் என்மேல் எரிந்து விழுந்தார். நாளை நாளை என்று சில நாட்கள் ஓடின. நான் அன்றே சொன்னேனே என்று குத்திக்காட்ட எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில், நீங்கள் வராவிட்டால் நானே போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

டீச்சருக்கு ஆச்சரியம். படம் நன்றாகத்தானே இருக்கிறது, அம்மாவும் தினமும் தெரிகிறது என்றுதானே சொல்கிறார் என்றார். இவர் கட்டில் ஓரம் மண்டியிட்டு, தலையணை உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்த்தார். நானும் குனிந்தேன். படத்தில் பையன் இல்லை. ஜன்னலும் ஆடுகிற திரையும்தான் இருந்தன.

படத்தை இறக்கிப் பிரித்து, கண்ணாடியை டியூப் லைட்டில் காட்டி, திருப்பிப் போட்டு மாட்டினார். அந்த அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"தெரியறான்டி," என்றார் மகளிடம்.

"தினமும் தெரியுதுன்னுதானேம்மா சொன்ன?"

"கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். உனக்கு இருக்கற பாரம் போதாதா? அதான் சொல்லல."

பிறகு அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கண்ணைக் கொடுத்தாய், நீ நன்றாயிருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே ஒரு நொடி அந்த ஆசை வந்தது.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா," என்றார் இவர். "நான்தான் கண்ணாடிய மாத்திப் போட்டுட்டேன். தெரிஞ்ச பிறகும் வராம இருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் தேவலை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தன நாளும் எம்பிள்ள இங்கதான் இருந்திருக்கான். நான்தான் அவன்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசாம கெடந்திருக்கேன்."

கையை மட்டும் விடவில்லை. இவரும் உருவிக்கொள்ளவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.