அத்திவரதர் வந்த வருஷத்துக் குமட்டல்

அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் விருந்தாளி இல்லாத வீடே இல்லை. நாற்பது வருஷமாகக் கோயில் குளத்துத் தண்ணீருக்குள் படுத்திருந்த அத்திவரதரை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். எங்கெங்கோ கிடந்த ஒன்றுவிட்ட உறவெல்லாம், காஞ்சிபுரத்தில் நமக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று திடீரென்று ஞாபகம் வந்து, பெட்டியும் கூஜாவுமாக வந்து இறங்கியது. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தெருவில் பாவு நூலை நீட்ட இடமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாக்கடை ஓரமெல்லாம் எச்சில் இலை. இலையெல்லாம் ஈ.

நெசவாளி கோதண்டபாணி வீட்டுக்குச் சென்னை வியாசர்பாடியிலிருந்து அவன் தங்கை அலமு வந்தாள். கூட அவள் புருஷன் பூவராகவன், நாலு மாதக் கைக்குழந்தை. ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று தங்கிவிட்டார்கள்.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்புதான் கோதண்டபாணியின் மனைவி ரேணுகாம்பாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உண்டான குழந்தை. அது வெளியே வரும்போதே உயிர் இல்லை. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றும்போது ரேணுகாம்பாள் கையை நீட்டினாள். மாமியார் செல்லியம்மாள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"மூஞ்சியப் பாக்காதே. பாத்தா மறக்க மாட்டே."

கோதண்டபாணி தன் பழைய வேட்டியில் அதைப் பொதிந்துகொண்டு வேகவதி ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்தான். வந்து குளித்தான். தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை.

பால் வற்றுவதற்காக ரேணுகாம்பாளின் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். உடம்புச் சூட்டில் பூ வெந்து, பழுப்பேறி, பாலோடு சேர்ந்து புளித்த ஒரு வாடை வந்தது. காலையில் அவிழ்த்தால் பூ கொழகொழவென்று தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அவளே வழித்துப் போட்டாள். வழிக்கும்போது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதபோது வரும் என்று நினைத்தாள். அப்போதும் வரவில்லை. மூன்றாம் வீட்டுக்காரி, "பரவாயில்ல, தெகிரியமான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டியதும் அவளே இன்னொருத்தியிடம், "நெஞ்சழுத்தக்காரி" என்றது ரேணுகாம்பாள் காதில் விழுந்தது. இரண்டுமே அவளைத் தொடவில்லை.

அவளுக்குப் பயமாகக்கூட இல்லை. வேளைக்கு எழுந்தாள், உலை வைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். ஒருநாள் வடிகஞ்சி காலில் கொட்டியது. கால் சிவந்து பொத்துப்போவதை யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான், அருவருப்பு. மற்றதெல்லாம் செத்துப்போன இடத்தில் அது மட்டும் மழைக்காலத்துப் பூரான் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. பூவராகவன் சாப்பிட்டு எழுந்து, இடுப்பில் கைவைத்து, அடிவயிற்றிலிருந்து ஏப்பம் விடுவான். முற்றத்துச் சாக்கடையில் வெற்றிலை எச்சிலைத் துப்புவான். பாதி உள்ளே போகும், பாதி விளிம்பில் கோழையாகத் தொங்கும். அவன் சாய்ந்து உட்காரும் சுவரில் எண்ணெய்த் தலை வட்டமாகப் பதிந்திருந்தது. அலமு தலைவாரி உதிர்ந்த மயிரைச் சுருட்டி ஜன்னல் கட்டையில் வைப்பாள். சாப்பிட்ட கையைக் கழுவாமல் காயவிட்டுக்கொண்டு மாமியார் மணிக்கணக்காகக் கதை பேசுவாள். ஒவ்வொன்றும் ரேணுகாம்பாளின் தொண்டையில் வந்து நின்றது. தட்டில் சோற்றைப் போட்டால் யாருடைய எச்சிலோ போலிருந்தது. பாதியில் எழுந்துவிடுவாள்.

ஒருநாள் அலமுவும் பூவராகவனும் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள். நெரிசலில் பிள்ளையை நசுக்கிவிடுவார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள் அலமு. பதினோரு மணிக்குக் குழந்தை வீறிட்டது. சர்க்கரைத் தண்ணீருக்கு அடங்கவில்லை. செல்லியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"ரேணுகா, கொஞ்சம் குடு. உனக்குத்தான் இன்னும் கட்டிக்கினு நிக்குதே. உனக்கும் பாரம் கொறையும்."

ரேணுகாம்பாள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாமியார் குழந்தையை மடியில் போட்டாள். அது முட்டி மோதிப் பிடித்துக்கொண்டு குடித்தது. ரேணுகாம்பாள் அதன் புருவத்தில் உட்கார்ந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மணியம்மாள் எட்டிப் பார்த்து, கன்னத்தில் கைவைத்து, "அப்பாடி, இப்பதான் பொண்ணு மனசு ஆறிச்சு" என்றாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அலமு தரிசனத்துக்குப் போகாத நாளிலும் புடவைக்கடைக்குப் போனாள், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனாள், திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் கோயிலில் கூரையெல்லாம் சித்திரமாம் என்று அதையும் பார்க்கப் போனாள். போகும்போது, "அண்ணி, கொழந்தைய உங்கிட்ட வுட்டுட்டுப் போறேன்" என்பாள். கேள்வி இல்லை, தகவல். வற்ற வேண்டிய பால் வற்றாமல் ஊறிக்கொண்டே இருந்தது. ரவிக்கை நனைந்து காய்ந்து மொடமொடத்தது. குழந்தையின் கழுத்து மடிப்பில் பால் திரிந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த வாடை அவள் விரலை விட்டுப் போவதே இல்லை. ஒருநாள் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. பல்லில்லாத ஈறு ஈரமாகத் தெரிந்தது. அவளுக்கு வாந்தி வந்தது.

பச்சைக் குழந்தையைப் பார்த்துக் குமட்டுகிறதே, நான் என்ன பிறவி என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

ஊடை சுற்றப் பட்டு நூல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவிலிருந்த ஷஹர்பானு வீட்டுக்குப் போனாள். ஷஹர்பானு நெசவாளர்களுக்கு ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். அவள் புருஷன் கலீமுல்லா ஜரிகை வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தவன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனான். ஊரே விருந்தாளிகளால் நிரம்பிக் கிடக்க, அவள் வீட்டில் மட்டும் ராட்டைச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. ரேணுகாம்பாள் வாசற்படி தாண்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

"இன்னாமா, வேலை இல்லியா?" என்றாள் ஷஹர்பானு.

"இருக்குது. வீட்டுக்குப் போவப் புடிக்கல."

"அந்தக் கண்டைச் சிக்கெடு அப்போ."

ரேணுகாம்பாள் பட்டு நூல் கண்டை முழங்காலில் மாட்டிக்கொண்டு சிக்கெடுத்தாள். பிறகு ரேணுகாம்பாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"பானு, எனக்கு அழுகையே வரல. எதுவுமே வரல. குமட்டல்தான் வருது. அலமு கொழந்தயப் பாத்தாக்கூட."

ஷஹர்பானு ராட்டையை நிறுத்தவில்லை. "எங்க வீட்டுக்காரரு மையத்து எடுத்த அன்னிக்கு ஊரே அழுதுச்சு. எனக்கு ஒரு சொட்டு வரல. எவ எவ மூக்கு சிந்திட்டு எங்க துடைக்கறான்னு அதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எங்க பெரியக்கா என் முந்தானையிலயே துடைச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட்டாங்க. எங்கக்கா எலும்பை உறிஞ்சறது நாலு வீட்டுக்குக் கேக்கும். எழுந்து ஒரு அறை விடலாம்னு இருந்துச்சு. புருஷன் செத்துக் கெடக்கறான், நான் அவ மெல்லறதப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."

"இப்ப சரியாயிடுச்சா?"

"கொஞ்சம். இன்னிக்கும் எங்கக்கா சாப்பிட உக்காந்தா நான் வேலை இருக்குதுன்னு எழுந்து போயிடுவேன்."

ரேணுகாம்பாள் பூவராகவனின் ஏப்பத்தைப் பற்றிச் சொன்னாள். ஷஹர்பானு தன் மச்சானின் கால் நகத்தைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் கட்டையில் மயிர்ச்சுருள், காயவைத்த எச்சில் கை, மீன் கழுவிய தண்ணீரை வாசலிலேயே ஊற்றுகிற எதிர்வீட்டுக்காரி என்று ஒன்றுக்கு ஒன்று போட்டியாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஓர் இடத்தில் ஷஹர்பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாயிலிருந்து வெளியே போனதும் ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னதாகப் போனது. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம், அலமுவும் பூவராகவனும் மூன்றாம் முறை தரிசனம் முடித்துவிட்டு வந்தார்கள். வெயிலில் நின்ற வேர்வை, நசுங்கிய துளசி, அலமு தலையில் வாடிக் கறுத்த மல்லிகைச் சரம், எல்லாம் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்தன. ரேணுகாம்பாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பூவராகவன் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு ஏப்பம் விட்டு, அவளைக் கனிவாகப் பார்த்தான்.

"சாமி கணக்கே கணக்கு தங்கச்சி. அங்க எடுத்தான், இங்க வெச்சான். ஒரு சொட்டு வீணாவல பாரு."

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் செல்லியம்மாள்.

ரேணுகாம்பாள் குழந்தையின் வாயைச் சுண்டுவிரலால் மெல்ல விடுவித்தாள். எழுந்து போய் அதை அலமுவின் மடியில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இனிமே என்னால முடியாது. எனக்குக் குமட்டுது."

செல்லியம்மாள் எழுந்தாள். "இன்னா பொம்பள நீ? கொழந்தயப் பாத்தா குமட்டுது?"

"ஆமா அத்தை, கொழந்தயப் பாத்தும்தான். அது பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களப் பாத்து. அந்த அண்ணன் துப்பறதப் பாத்து. எல்லாரும் என்னப் பாத்துக்கினு நிக்கறதப் பாத்து. கறவ மாட்டுகிட்டக் கூட யாராவது ஒரு வார்த்த பேசுவாங்க. இந்த வீட்ல செத்துப்போன என் பொண்ணப் பத்தி யாரு ஒரு வார்த்த பேசனீங்க?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அலமு குழந்தையை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூவராகவன் தரையைப் பார்த்தான்.

தறிச்சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். கோதண்டபாணி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அலமு," என்றான், "நீ எங்க போனாலும் கொழந்தயத் தூக்கிக்கினு போ. இல்லன்னா நீ வீட்ல இரு."

"நீ வேற ஏண்டா..." என்று செல்லியம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா."

ரேணுகாம்பாள் அவனைப் பார்த்தாள். ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவன் முகத்தை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தாடி நரைத்திருந்தது.

"நீங்க பாத்தீங்களா அத?" என்று கேட்டாள்.

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. "பாத்தேன். பாக்காதேன்னுதான் அம்மா சொன்னாங்க. ஆத்தங்கரையில துணிய வெலக்கிப் பாத்தேன்."

"எப்டி இருந்துச்சு?"

"தலை நெறய முடி. மூக்கு உங்கம்மா மாதிரி. நெத்தி எங்க வீட்டு நெத்தி." அவன் நிறுத்தினான். "வாய் கொஞ்சம் தொறந்து இருந்துச்சு. மூடி வுட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல. நீயா கேக்கட்டும்னு இருந்தேன். கேக்கக் கூடாதுன்னும் இருந்தேன்."

ரேணுகாம்பாளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. உள்ளங்கை சூடாகி, காது அடைத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற மாதிரி நிஜமான கோபம். இத்தனை நாள் தறிக்குழியில் ஒளிந்துகொண்டு, அந்த முகத்தைத் தான் மட்டும் வைத்துக்கொண்டிருந்த மனுஷன். அவனை என்னென்னவோ திட்டினாள். அவன் நகராமல் நின்று கேட்டுக்கொண்டான். திட்டி முடித்ததும் உட்கார்ந்தாள். அழுகை அப்போதும் வரவில்லை. ஆனால் பசித்தது. மாமியாரின் முன்னால் தட்டைப் போட்டுக்கொண்டு, இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். அதையும் செல்லியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

இரண்டு நாளில் அலமுவும் பூவராகவனும் ஐயம்பேட்டையில் இருந்த அவன் பெரியப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். போகும்போது அலமு அண்ணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. செல்லியம்மாள் ஆவணி பிறக்கும்வரை மருமகளுடன் பேசவில்லை. அதில் ரேணுகாம்பாளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தரிசனத்துக்கு அவள் கடைசிவரை போகவில்லை. வரதரை மறுபடி குளத்தில் இறக்கினார்கள், கூட்டம் கலைந்தது, முனிசிபாலிட்டிக்காரர்கள் வண்டி வண்டியாகக் குப்பை அள்ளினார்கள். தெருவில் மறுபடி பாவு நீட்டினார்கள்.

பால் தானாக வற்றியது. குமட்டல் அவ்வளவு லேசில் போகவில்லை. சில நாள் கோதண்டபாணி பக்கத்தில் வந்து படுத்தாலே சுவரோரம் ஒண்டிக்கொள்வாள். அவன் கேட்கவில்லை. சில நாள் அவளாகவே, "அந்த நெத்தியப் பத்திச் சொல்லுங்க" என்பாள். அவன் அதே நாலு விஷயத்தைச் சொல்லுவான். வேறு எதுவும் அவனிடமும் இல்லை.

புரட்டாசியில் ஒரு காலை, ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளி வீட்டிலிருந்து தறிக்கு அச்சுக்கட்டை வாங்கிவரப் பஸ்ஸில் போனாள். பக்கத்தில் ஒரு கிராமத்து அம்மாள் மடியில் கூடையை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தோல் ரேணுகாம்பாள் புடவையில் விழுந்தது. அவள் தட்டிவிட்டாள். மறுபடி விழுந்தது. மறுபடி தட்டினாள். தட்டிக்கொண்டே இருக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. மூக்கு ஒழுகியது. தோள் குலுங்கியது. கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

"இன்னாமா, எதுக்கு அழுவுறே?" என்றாள் அந்த அம்மாள்.

"கொழந்த செத்துப்போச்சு."

"எப்போ?"

"ஆனியில. பொண்ணு."

அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்தினாள். கூடையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, ரேணுகாம்பாளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.