மஃரிபுக்கு அணையும் அடுப்பு

கத்தாரிலிருந்து திரும்புகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். றிப்தி கப்பலில் ஒரு அடுப்பு அனுப்பினான். பெலட் கிரில் என்று அதற்குப் பெயர். மரத்தூளை இறுக்கிச் செய்த குளிசைகளைப் பக்கத்துப் பெட்டியில் கொட்டிவிட்டால், ஒரு திருகு சுழன்று அவற்றைக் கிண்ணத்துக்குள் தள்ளும், ஒரு கம்பி பழுத்துப் பற்றவைக்கும், விசிறி ஊதும். எவ்வளவு சூடு வேண்டும் என்று ஒரு பொத்தானை மட்டும் அமர்த்தினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று மனைவி ஹிதாயாவிடம் பெருமையாகச் சொன்னான்.

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று அவள் கேட்டாள்.

சொந்த ஊரான கற்பிட்டியில் பள்ளிவாசலை ஒட்டி, பள்ளிக்குச் சொந்தமான கடை அறை ஒன்று காலியாக இருந்தது. மாமனார் நெய்னார் பள்ளி நிர்வாகத்தில் ஒருவர். கோழி சுட்டு விற்க மெசின் எதற்கு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் அறையை எடுத்துக் கொடுத்தார். கடை ஓடாவிட்டால் றிப்தி மறுபடியும் கத்தாருக்குப் போக வேண்டும்; பழைய முதலாளி இடத்தை இன்னும் நிரப்பவில்லை. மகள் அமானிக்கு வாப்பா என்றால் ஃபோன்தான் என்றிருந்தது. இந்தத் தடவைதான் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அவன் மடியில் ஏறி உட்காரப் பழகியிருந்தாள்.

அடுப்பு முதலில் பற்றவே மாட்டேன் என்றது. கடலோரக் களப்புக் காற்றின் ஈரத்தில் குளிசைகள் ஊதிப்போய், தவிடாகி, திருகைச் சுற்றி இறுகிக் கிடந்தன. சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் குளிசைகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்தான். பிறகு சாம்பல் மூடிக் கம்பி பழுக்காமல் கிடந்தது; தினமும் கிண்ணத்தைத் துடைத்தான். அதற்கும் பிறகு காற்று. வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் பாய்வதற்கென்று எங்கிருந்தோ தேடி வருகிற அதே காற்று, புகைபோக்கி வழியாக இறங்கி நெருப்பை ஊதி அணைத்தது. அடுப்பைத் திருப்பி வைத்து, காற்று வரும் பக்கம் ஒரு தகரமும் அடித்தான். ஒருவழியாக ஒரே தடவையில் பற்றியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்த நாள் மாலை, பள்ளியில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு தொடங்கியதும் அடுப்பின் சின்னத் திரை ஒருமுறை கண் சிமிட்டியது. விசிறி நின்றது. நெருப்பு செத்தது. உள்ளே கோழிகள் பாதி வெந்தபடி கிடந்தன. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். கம்பியை மாற்றிப் பார்த்தான், திருகைக் கழற்றிப் பூட்டினான், விற்றவனுக்கு வீடியோ அனுப்பிக் கெஞ்சினான். அவசரப்பட்டு, எரியாத குளிசைகளை அள்ளாமலே திரும்பவும் மூட்டிய ஒருநாள் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி மூடி எழும்பியதில் ஒரு பக்கப் புருவம் போய்விட்டது.

எதிரே கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கும் றஸீன் அவன் புருவத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், ஒண்டு கவனிச்சியா? பாங்கு சொன்னா ஒண்ட மெசின் நிக்கிது. ஒன்னை விட அதுக்கு ஈமான் கூட!"

அடுப்புக்கு இறைநம்பிக்கை என்று அவன் சொன்னது பகிடிக்கு. கேட்டவர்கள் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஃபாஹிம் என்ற பொடியன் அடுப்பு அணைவதை ஃபோனில் படம்பிடித்து இணையத்தில் போட்டான். அந்தக் கிழமையே கடைவாசல் நிறைந்தது. புத்தளத்திலிருந்து வான் பிடித்து வந்தார்கள். தலவில திருவிழாவுக்கு வந்த கத்தோலிக்கச் சனம்கூட ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. பாங்கு சொல்லும், அடுப்பு அணையும், சனம் "சுபுஹானல்லாஹ்" என்று தொழப் போகும், திரும்பி வந்து கோழி வாங்கும். அடுப்பே நின்றபிறகு இடுக்கியோடு றிப்தி மட்டும் நிற்க முடியுமா? வெள்ளிக்கிழமையும் பெருநாளும் மட்டுமே பள்ளிக்குள் கால் வைத்தவன், ஒவ்வொரு மஃரிபுக்கும் போனான். நெய்னார் இப்போது "எங்கட மாப்புள்ளட மெசின்" என்று வெளியூர் ஆட்களுக்குக் காட்டினார்.

பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஸரத் மட்டும், அடுப்புக்குத் தொழுகை கடமையில்லை, வயரைப் பாருங்கள் என்றார். அவர் சொல்லும் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்கிற ஊர், இதை மட்டும் கேட்கவில்லை. றிப்தியும்தான். ஓடுகிற கடையில் யார் வயரைப் பார்ப்பார்கள்?

பிறகு ஒருநாள் பாங்கு தொடங்கி, முடிந்தும் போனது. நெருப்பு எரிந்துகொண்டேயிருந்தது. உயர்த்திப் பிடித்த ஃபோன்கள் மெல்ல இறங்கின. சனம் அடுப்பை விட்டுவிட்டு றிப்தியைப் பார்த்தது. கோழியின் கொழுப்பு சொட்டிச் சீறும் சத்தம் அவனுக்கு அன்று பயங்கரமாகக் கேட்டது.

நெய்னார் அவனை ஒரு பக்கம் கூட்டிப் போனார். "மாப்புள்ள, உண்மையச் சொல்லுங்க. கோழி எங்கருந்து வந்திச்சு? ஹலாலா, ஒழுங்கா அறுத்ததுதானே?"

"அல்லாஹ்வே! வழமையா எடுக்கிற இடம்தான் மாமா!"

அவர் நம்பினாரோ இல்லையோ, ஊர் நம்பவில்லை. அடுத்த நாளும் அடுப்பு அணையவில்லை, ஒருவரும் வாங்கவுமில்லை. சுட்ட கோழி அப்படியே வீட்டுக்கு வந்தது. ஹிதாயா அதைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, அவன் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "அந்த முதலாளிக்கு ஒரு மெசேஜ் போட்டு வைங்க. இடம் போயிரும்."

காலையில் முதல் வேலையாக றிப்தி வயரைப் பார்க்கப் போனான். அது கடைச் சுவரைத் துளைத்து, பள்ளியின் மின்பெட்டிக்குப் போனது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு வயர் கிணற்றடிக்கு இறங்கியது. அங்கே தண்ணீர் மோட்டர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"மோட்டர் எரிஞ்சு பெய்த்து. திருத்த பாலாவிக்கு அனுப்பியிரிக்கு," என்றார் மோதினார் பதியுதீன். "மஃரிபுக்குத்தானே சனம் கூட. கைகால் கழுவி ஒழு எடுக்கத் தண்ணி காணாது. மைக்கடியிலதான் சுவிச்சு, அந்த மோட்டரப் போட்ட கையோடதான் நான் பாங்கு சொல்ற."

றிப்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய மோட்டர் ஓடத் தொடங்கும்போது மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கும். பல்பு கொஞ்சம் மங்கும். கற்பிட்டியில் மாலையில் பல்பு மங்குவதை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. அடுப்பின் மூளைக்கு அந்த ஒரு கணம் போதும், எல்லாம் மறந்துவிடும். சந்தோஷத்தில் மாமனாரிடம் ஓடினான்.

"இப்ப பள்ளி மோட்டர்லயா பழியப் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு நெய்னார் எழுந்து போய்விட்டார்.

மோட்டர் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தான். நிர்வாகம் பழையதைத் திருத்தாமல் புது மோட்டரே வாங்கிவிட்டது. மெல்லப் பிடித்து மெல்ல ஓடுகிற, சத்தமே இல்லாத நல்ல மோட்டர். அடுப்பு அதைச் சட்டைசெய்யவில்லை. முன்பு இப்படி எரியாதா என்று அவன் ஏங்கிய நெருப்பு இப்போது இமைக்காமல் எரிந்தது.

வாசலில் நான்கைந்து பேர் கடைசித் தடவையாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார்கள். பாங்கின் முதல் வார்த்தை கேட்டது. றிப்தி தக்காளிச் சோஸ் போத்தலைத் தேடுகிறவன் போலக் குனிந்து, அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கைத் தளர்த்தினான்.

"மாஷா அல்லாஹ்!" என்றது சனம். அடுத்த நாள் வான்கள் வந்தன.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கடைக்கு வந்த ஹிதாயா ஒருநாள் அவன் கையைக் கண்டுவிட்டாள். வீட்டுக்குப் போனதும் கேட்டாள்: "ஏன் ஒளிச்சு நிப்பாட்டுறீங்க? நான் தொழப் போறன் என்டு சொல்லிட்டு எல்லாருக்கும் முன்னுக்கு நிப்பாட்டுங்களேன். அதுல என்ன குறை?"

நியாயம்தானே என்று தோன்றியது. அடுத்த நாள் நெஞ்சை நிமிர்த்தி, "நான் தொழப் போறன்" என்று எல்லாரும் பார்க்க சுவிட்சை அமர்த்தி அடுப்பை நிறுத்தினான். பாலாவியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? எல்லாக் கடைக்காரனும்தானே நிப்பாட்டுறான்!"

அதற்கு மறுநாளிலிருந்து றிப்தி மறுபடியும் சோஸ் போத்தலைத் தேடத் தொடங்கினான். கத்தார் முதலாளி மெசேஜ் போட்டபோது, வேறு ஆளை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பதில் அனுப்பியது ஹிதாயாதான். அமானி அந்த ஃபோனைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது மஃரிபுக்கு முன்வரிசையில் நிற்பது றிப்திதான். ஒருநாள் தொழுது முடிந்து படியிறங்கும்போது, நாலு பேருக்கு முன்னால் நெய்னார் அவன் தோளில் பாசமாகக் கையைப் போட்டார்.

"மாப்புள்ள, சொல்றன் என்டு கோவிக்காதீங்க. அந்த மெசின் தானா நிக்காட்டி நீங்க இந்தப் பக்கம் வருவீங்களா? ஒங்கட கையால அத நிப்பாட்டிட்டு வார மனசு ஒங்களுக்கு ஒருநாளைக்கு வரணும். அதுக்குத்தான் நான் ஒவ்வொரு நாளும் அல்லாஹ்கிட்ட துஆ கேக்கிற."

"ஆமீன், மாமா," என்றான் றிப்தி.