கணக்கில் ஏறாத கன்னியப்பன்

என் கொள்ளுத்தாத்தா கன்னியப்பன் எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டார். பால்காரர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வீட்டு நம்பர் விசாரிக்கிறாராம். அவருக்கு வயது இருபத்துநான்கு. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

முதல் உலகப் போரில் மூட்டை தூக்குவதற்குக் கூலிகளை இராக்கில் இருக்கிற பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார்கள். அவரும் போனார். திரும்பி வரவில்லை. செத்துப்போனார் என்று தகவலும் வரவில்லை. அதனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் சண்டை. அவருக்கும் சேர்த்து இலை போடு என்பார் சித்தப்பா. உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டால் குடும்பம் விளங்காது என்பார் அத்தை. உயிரோடு இருந்தால் நூற்றுமுப்பது வயது ஆகுமே என்றேன் நான்.

"செத்தத நீ பாத்தியா?" என்றார் அத்தை.

நான் பார்க்கவில்லை. அதனால் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கே நடைபாதை, கேட்கிற வருஷத்துக்குத் தக்கபடி நீளும். நான், மக்கள்தொகை கணக்கெடுத்த வருஷம், 1911 என்றேன். எதிரில் இருந்த கதவு பின்வாங்கிப் புள்ளியாகிவிட்டது.

"பொசுக்குன்னு சொல்லிட்டீங்களே," என்றார் வாசலில் இருந்த காவலாளி. "கொஞ்சம் கிட்டக்க இருக்கிற வருசமா கேட்டிருக்கலாம்."

நடந்தேன். வழியில் தாடி வளர்ந்தது. கதவருகே ஒரு சவரக்கடை இருந்தது. முகம் மழித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு காகிதம்கூட இல்லை. அறை நடுவில் ஆளுயரக் கரையான் புற்று இருந்தது. அதன் அருகே நாற்காலி போட்டு அதிகாரி அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் காலத்துக் குடிக்கணக்கு அத்தனையும் இது தின்னுடுச்சு," என்றார் அவர். "ஆனா ஒண்ணையும் மறக்கலை. யாரு வேணும்?"

"கன்னியப்பன். கூலிக்காரர். சம்சாரம் பேர் எல்லம்மாள்."

அவர் புற்றில் காதை வைத்தார்.

"எல்லம்மா இருக்காங்க. ஆடு ஒண்ணு இருக்கு. புருசன் இல்ல."

"ஆடு இருக்கு, ஆள் இல்லையா?"

"ஆட்டுப் பேரை அந்தம்மா சொல்லிட்டாங்க. புருசன் பேரை எப்படிங்க வாயால சொல்லுவாங்க?"

எனக்குப் புரிந்தது. கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டிருக்கிறார். கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரிதான் பெயரை எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் களை பறிக்கப் போய்விட்டாள். எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வந்தவர் ஆட்டை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கன்னியப்பனின் ஆயுசு குறையவே இல்லை.

"பட்டாளத்துக் கணக்கு?" என்று கேட்டேன்.

அதிகாரி அம்மாள் பக்கத்துக் கதவைத் திறந்தார். வெளியே மணல்வெளி. அனல் முகத்தில் அடித்தது. மூட்டையில்லாத ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வரிசைக்கு முடிவு தெரியவில்லை.

"பட்டாளத்துல பேரு கேக்கல. மூட்டை தூக்குவியான்னுதான் கேட்டாங்க," என்றார் அவர். "சண்டை முடிஞ்சு ஊருக்கு அனுப்பறப்ப, யாரு எந்த வீடுன்னு குடிக்கணக்கைப் பாத்தாங்க. இவருக்கு வீடு இல்ல. ஓரமா நில்லுன்னாங்க. நின்னுட்டாரு."

"எவ்வளவு நாளா?"

"நாளா?" என்றார். அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவர் போல இருந்தது அவர் முகம்.

வரிசையில் ஒருவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் என் மூக்கு இருந்தது.

"நீங்க பேரைச் சொன்னது அவரு காதுல விழுந்துடுச்சு. இதுவரைக்கும் யாரும் கூப்பிடல பாருங்க. இனிமே நிக்க மாட்டாரு," என்றார் அதிகாரி. "ஒரு இடம் காலியாவும். அதை அப்படியே விட எங்களுக்கு அதிகாரம் இல்ல. யாராவது ஒரு ஆம்பளை வந்து நிக்கணும். அதே வீட்டு ஆளா இருந்தா சிலாக்கியம்."

நான் ஓடினேன். திரும்பும்போது நடைபாதை நான்கடி நீளம்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. முகம் மழித்த சோப்புகூடக் காயவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். அப்போதுதான் பால்காரர் வந்து மேற்படி தகவலைச் சொன்னார். அவருக்குப் பின்னாலேயே கன்னியப்பனும் வந்துவிட்டார். தாழ்ப்பாள் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

என் மனைவி மேகலா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாங்க தாத்தா," என்றாள், தன்னைவிடப் பத்து வயது சின்னவரை.

அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். வேட்டியிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. மேகலா பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

"எல்லம்மா எங்க?" என்று கேட்டார்.

"செத்துட்டாங்க."

"நீ யாரு?"

"உங்க கொள்ளுப்பேரன்."

அவர் யோசித்தார். "அப்படின்னா எனக்குப் புள்ள பொறந்துதா?"

"பொறந்துது."

அவர் தலையை ஆட்டினார். சிரிக்கத்தான் பார்த்தார். வெகுகாலமாகச் சிரிக்காததால் வரவில்லை. எனக்கு அவர் மேல் பாசம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். அவர் உட்கார்ந்திருந்தது என் நாற்காலி.

அழைப்புமணி அடித்தது. குடிக்கணக்கு எடுக்கிறவர் கையில் செல்போனோடு நின்றார்.

"எண்ணிக்கை ஏற்கெனவே மேல போயிடுச்சு," என்றார். "ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு பெண் குழந்தை. பேரை மட்டும் போடணும்." எங்களைப் பார்த்தார். "இங்க ஆம்பளை ரெண்டு பேரு இருக்கீங்க."

"இவர் இப்பதான் வந்தார்," என்றேன்.

"யாரு எப்ப வந்தாங்கன்னு கேக்கற கட்டம் இதுல இல்ல சார். ஒருத்தர் வீட்டுல. இன்னொருத்தர் வரிசையில. அங்க ஒரு இடம் காலின்னு காட்டுது."

"என் பேர்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தன் பேரைத் தானே சொன்னா செல்லாது. அப்புறம் யாரு வேணா யாரா வேணா ஆயிடலாம். வீட்டம்மா சொல்லட்டும்."

மேகலாவைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. 'என்னங்க' என்பாள். 'பாப்பா அப்பா' என்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட மகளை விட்டுத்தான் சொல்ல வைத்தாள். மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"எழுதிக் காட்டட்டுங்களா?" என்றாள் மேகலா.

"எழுதினா கரையான்தான் திங்கும். வாயால சொல்லுங்கம்மா."

அவள் நைட்டி மேல் போட்டிருந்த துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. சொன்னால் எனக்கு ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் நான் மணலில் நிற்க வேண்டும்.

"சொல்லிடும்மா," என்றார் கன்னியப்பன். "ஆயுசு குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போவுது. குறையாம இருக்கறது ரொம்பக் கஷ்டம்."

மேகலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தணிகாசலம்," என்றாள்.

என் பெயர் அவள் வாயில் நன்றாகத்தான் இருந்தது. உடனே என் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பரவாயில்லை என்று நினைத்தேன். உயிர் திரும்பி வந்தது.

கணக்கெடுப்பவர் பெயரைப் பதிந்துகொண்டார். பிறகு கன்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"இவரு பேரு யாருக்காவது தெரியுமா? சொன்னீங்கன்னா இவரையும் சேத்துடலாம். அதுக்கப்புறம் ரெண்டு பேருல யாரு போகணும்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க."

மேகலா தலை குனிந்துகொண்டாள். புருஷன் பெயரையே இப்போதுதான் சொன்னவள். அவன் குலத்துப் பெரியவர் பெயரை எப்படிச் சொல்வாள்? ஆனால் என்னைப் பார்த்தாள். கன்னியப்பனும் என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் கெஞ்சவில்லை. யாராவது சொல்வார்களா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

"தெரியாதுங்க," என்றேன்.

கணக்கெடுப்பவர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கன்னியப்பன் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். படியிறங்கித் தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, துறைமுகம் எந்தப் பக்கம்?"

கூடவே இறங்கிப் போய், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் விவரமாக வழி சொன்னேன்.