சேற்றுமக்களுக்கு இரண்டு குறைவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கழித்தல் குறியிலிருந்து பிறந்தது. அச்சுக்குப் போகவிருந்த ஒரு புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில் அந்தக் குறியை யாரோ பென்சிலால் சுழித்திருந்தார்கள். யார் என்று விசாரிக்கப்போய் வந்த வினைதான் இவ்வளவும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சதுப்பு நிலத்தின் மூடுபனிக்குள், ஆயிரம் ஆண்டு மௌனத்தில் உறைந்த ஓர் இனம்...'

போதும். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

2

அவளை வீட்டில் விதிக்காரி என்பார்கள். மேசை விளையாட்டுகளுக்கு விதி எழுதுவது அவள் பிழைப்பு. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இல்லாத ஓர் உலகத்தில் சுற்றி வருகிற விளையாட்டு. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். விழுந்த எண்ணோடு அவரவர் இனத்துக்கு உரியதைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். குள்ளர்களுக்குச் சுரங்கத்தில் இரண்டு கூடுதல். இறகுமக்களுக்குப் பார்வையில் இரண்டு கூடுதல், பொறுமையில் இரண்டு குறைவு. சேற்றுமக்களுக்குப் பலத்தில் இரண்டு கூடுதல், பேச்சில் இரண்டு குறைவு.

(ஓர் இனத்தையே இப்படி எண்ணுக்குள் அடக்கலாமா என்று கேட்பீர்கள். "எண்ணை எடுத்துட்டா எல்லாரும் ஒரே ஆளு, முகமூடி மட்டும் வேற. அப்புறம் இனம் எதுக்கு?" என்பாள் விதிக்காரி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தொல்லையே அதுதான்.)

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மதியங்களில் அவள் வீட்டு மேசையில் சோதனை ஆட்டம் நடந்தது. அக்கா குள்ளச்சி. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இறகுக்காரர். அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான், லிஃப்ட் மெக்கானிக். மற்ற இரண்டையும் அவர்கள் பிடித்துக்கொண்டதால் மிச்சமிருந்த சேற்றுமக்களை எடுத்துக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர்.

3

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு அவளுடைய விதிப் புத்தகம் அச்சில் ஓடத் தொடங்குவதாக ஏற்பாடு. மதியம் அத்தான் மெய்ப்புப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். எந்தக் கையேட்டையும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் கழற்றுகிற சாமானில் கை வைப்பார். அந்தப் பழக்கத்தில் இதையும் படித்திருந்தார்.

"பொருளடக்கத்துல ரெண்டு பக்க எண் தப்பும்மா."

"ஐயோ, நல்லவேளை அத்தான். வேற?"

"முப்பத்தொண்ணு."

அவள் புரட்டினாள். பேச்சு, கழித்தல் இரண்டு. சுற்றிலும் பென்சில் வளையம்.

"இது தப்பு இல்லையே அத்தான். ரெண்டு வருஷக் குறிப்பு இருக்கு. ஒரு தடவகூட சேத்துக்காரன் பேசி ஜெயிச்சது இல்ல."

"அது அவங்க இல்லம்மா," என்றார் அத்தான். "நான்."

4

இங்கே அவள் முகம் போன போக்கை வர்ணிக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அவள் செய்த தவறு இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே வாய்க்கும். ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுத்தவள், ஆடியவர் பேசாததை இனமே பேசாததாக எழுதிவைத்துவிட்டாள். எண் முதலில் வந்தது. எண்ணுக்குக் காரணம் வேண்டுமே என்று பதினோரு பக்கத்துக்கு வரலாறு பிறகு வந்தது. சேற்றுமக்களின் ஊரில் சபை கிடையாது, சந்தையில் பேரம் கிடையாது, தாலாட்டுகூடக் கிடையாதாம்! ஓவியர் தன் பங்குக்கு அத்தனை பேரையும் வாய் மூடியபடி வரைந்து கொடுத்திருந்தார்.

"இனி நான் ஆடல. ஓரமா உக்காந்து பாக்கறேன்," என்றார் அத்தான்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. புத்தகம் தாமதமானால் சமாளித்துக்கொள்ளலாம். அத்தான் இல்லாத மேசையை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

5

முடிவு அ: அவள் வேறு இனம் தருகிறாள், அவர் வாங்கிக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு சேத்துக்காரங்களத்தான் புடிக்கும். நல்ல ஜனங்க."

முடிவு ஆ: எண்ணை எடுத்துவிடுகிறாள். சரி, ஆனால் அந்தப் பதினோரு பக்கம்?

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் எண்ணை அடித்தாள். வரலாற்றின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: 'இது சேற்றுமக்களைப் பற்றி மற்ற இனத்தார் எழுதியது.' அச்சகத்துக்குப் போன் போட்டாள். "எட்டு நாள்ல மூணாவது தடவை மேடம்," என்று அந்தப் பக்கம் அழுதார்கள். ஆனாலும் செய்தார்கள்.

(முடிவு ஆ-வை வைத்துக்கொள்கிறேன். எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தான் இன்னும் ஓரத்து நாற்காலியில்தான் இருக்கிறார்.)

அக்காவும் பல் டாக்டரும் வந்து சேர்ந்தார்கள். விஷயம் கேட்டதும் அக்கா, "அட, இவருக்குப் பேச வராதுன்னு ஊருக்கே..." என்று ஆரம்பிக்க, டாக்டர், "அப்படிச் சொல்லாதீங்க, அவருக்குள்ள..." என்று இடைமறிக்க, விதிக்காரி இருவரையும் அடக்கப்போக, அத்தான் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பேச வராதுன்னு யாரு சொன்னா? நீங்க மூணு பேரும் விட்டாத்தானே!"

முதலில் சிரித்தது அக்காதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'அதிகம் பேசாத மனிதர்' என்று இரண்டாம் பகுதியில் எழுதினேனே, அப்போது நான் அவரை வாய் திறக்க விட்டேனா?

அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நானும்தான் அவருக்கு இரண்டு கழித்திருக்கிறேன்.

6

ஆட்டம் தொடங்கியது. அத்தான் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு பாலம், பாலத்தில் ஒரு காவலாளி. விடமாட்டேன் என்கிறான்.

"நான் பேசறேன்," என்றார் அத்தான்.

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். விதிக்காரி குறிப்பேட்டை மூடிவைத்தாள்.

அவர் பேசியதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கீழே இடம் விட்டிருக்கிறேன். காவலாளி வேடத்துக்கு ஆள் இல்லை; நீங்கள் உட்காருங்கள். விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். நடுவில் பேசாதீர்கள்.