ராப்பியா சொல்லிக்கொடுத்த மலாய்

ராப்பியாவின் உடலைச் சுற்றிய கபன் துணியின் கால்மாட்டு முடிச்சைப் பெண்கள் போட்டுக்கொண்டிருந்தபோது சுஹைலாவின் கைபேசி அடித்தது. பின்பக்கம் போய்ப் பேசிவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்தாள். டென்மார்க் விருந்தாளிகளின் வேன் தெமெர்லோ டவுனைத் தாண்டிவிட்டதாம்.

"திரும்பிப் போகச் சொல்லட்டுமாப்பா?"

மொக்தார் உள்ளே திரும்பிப் பார்த்தார். கம்பத்துக் கிராம வாழ்க்கையைப் பார்க்க வந்து வீட்டில் தங்கும் வெள்ளைக்காரர்கள் அவர் மனைவி ராப்பியாவின் பாடு. அவர்களுக்குச் சாரோங் கட்டிவிடுவாள், ஆற்றில் குளிக்க வைப்பாள், தேங்காய் துருவ வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். வேன் சத்தம் கேட்டாலே அவர் ரப்பர் தோட்டத்துக்கு நழுவிவிடுவார். நேற்று ராத்திரி கூட இவர்களுக்காகத்தான் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இன்று விடியற்காலை சுபுஹு தொழுத பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வரட்டும்மா. மீனுக்கு மஞ்சள் தடவி வெச்சுட்டுப் போயிருக்கா. யாராவது சாப்பிடணுமில்ல?"

வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் பிர்கித். போன வருஷமும் வந்தவள். இந்த முறை கணவனை அழைத்து வந்திருந்தாள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே வந்தாள். சுஹைலா விஷயத்தைச் சொன்னதும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தி வழிவிட்டார்கள். மொக்தாருக்கு எதிரே நின்று, கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தாள். தனக்குத் தெரிந்த மலாயில், ஒவ்வொரு சொல்லாக, மிகுந்த மரியாதையுடன் சொன்னாள்.

"கிழட்டு எருமையே, இன்னிக்கும் குளிக்கலையா?"

ஓதிக்கொடுத்த இமாம் கூரையைப் பார்த்தார்.

மொக்தாரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து சுஹைலா ஓடிவந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கலியாணமான நாள் முதல் சாயங்காலம் தவறாமல் காதில் விழுந்த வசனம். அதே இழுவை, கடைசியில் அதே தூக்கல். பக்கத்து வீட்டு ஜெனாபுக்கு, முக்காட்டால் வாயைப் பொத்தியும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன்பின் யாராலும் முடியவில்லை.

பிர்கித் மிரண்டுபோய்ப் பார்த்தாள். வீட்டுப் பெரியவருக்கு இப்படித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று ராப்பியா சொல்லிக்கொடுத்ததாகவும், ஊரில் தினமும் கண்ணாடி முன்னால் நின்று பழகியதாகவும் சொன்னாள்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லம்மா," என்றார் மொக்தார், கண்ணைத் துடைத்தபடி. "ரொம்ப சரியா சொன்னே."

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கப் பிர்கித்தின் கணவனும் தோள் கொடுத்தான். எல்லோரையும் விட உயரமாக இருந்ததால் கூனிக்கொண்டே நடந்தான்.

ஜெனாப் அந்த மீனைப் புளிக்கவைத்த டுரியான் பழத்தில் குழம்பு வைத்திருந்தாள். மொக்தார் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவார் என்று சுஹைலா எதிர்பார்த்தாள். அவர் பாயில் அந்த உயரமானவனுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவன் அள்ளிய சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் சிந்தியது. மொக்தார் தன் விரல்களைக் குவித்து, கட்டைவிரலால் சோற்றைத் தள்ளிக் காட்டினார். அவன் மறுபடி முயன்றான். மறுபடி சிந்தியது. அவர் தன் கவளத்தைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தார்.